குன்னூரில் தொடங்கி ஹைதராபாத் வந்த புரதக் கதை

வெளியூரில் நம்மூர்க் குடும்பங்கள் நாலு சேர்ந்தால் பேச்சு எப்படியும் குழந்தைகளின் சாப்பாட்டில்தான் வந்து நிற்கும். "உங்க பையனுக்கு புரோட்டீன் பவுடர் தர்றீங்களா?" என்பார் ஒருவர். வடக்கத்திப் பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் இன்னொரு குத்தும் உண்டு. "நீங்க வெறும் சாவல் சாப்பிடறவங்களாச்சே, புரோட்டீன் எங்கேருந்து வரும்?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனாலும் மறுநாள் மளிகை லிஸ்டில் ஒரு டப்பா ஏறிவிடும்.

இந்தக் கேள்விக்கு ஒரு நூறு வருஷ சரித்திரம் இருக்கிறது. அதில் முதல் பகுதி நம்ம குன்னூரில் நடந்தது. அடுத்தது, நான் இப்போது பிழைப்புக்கு வந்து குடியிருக்கும் ஹைதராபாத்தில்.

கதைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பாடம் கொஞ்சம். மாவுச்சத்து என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. உடம்புக்கு அது அடுப்பு விறகு, ஒரு கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பு, சேமித்து வைக்கும் விறகு. கிராமுக்கு 9 கலோரி தரும், செல்களின் சவ்வும் பெரும்பாலும் அதில்தான் ஆனது. புரதம் வேறு ஜாதி. 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த கட்டுமானச் சாமான் அது. தசை, ரத்தத்தின் ஹீமோகுளோபின், இன்சுலின் எல்லாமே புரதம்தான். அந்த இருபதில் 9 வகையை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். அடுப்பில் விறகு குறைந்தால் உடம்பு கதவையும் ஜன்னலையும் உடைத்து எரிக்கும். அதாவது, வளர்ச்சிக்கு வந்த புரதத்தையே எரிபொருளாக்கிவிடும். பின்னால் வரும் கதை முழுக்க இந்த ஒரு வரியில்தான் அடங்கியிருக்கிறது.

1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரு சின்ன அறையில் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமானது. அங்கே அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று முதலிடம். கடைசி இடம் யாருக்கு? மதராஸிச் சாப்பாடு சாப்பிட்ட எலிகளுக்குத்தான்! :-) பக்கத்து வீட்டு சர்தார்ஜிக்கு இது தெரியாதவரை நமக்கு நல்லது. ஆனால் அதில் அரிசி மட்டும் குற்றவாளி இல்லை. தீட்டிய அரிசியை மலையாகக் குவித்து, பாலும் காயும் பேருக்கு வைத்த தட்டுதான் தோற்றது.

அதற்குள் உலகத்தின் கவனம் புரதத்தின் மேல் திரும்பியது. 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் (இன்றைய கானா) குழந்தைகள் கைகால் வீங்கி இறப்பதைப் பார்த்து எழுதினார். குவாஷியோர்கர் என்ற நோய் அது. புரதக் குறைவே காரணம் என்ற கருத்து பரவி, 1968-இல் ஐக்கிய நாடுகள் சபையே 'புரத நெருக்கடி வருகிறது' என்று அறிக்கை விட்டது. இங்கேயும் மைசூரில் நிலக்கடலை மாவும் கடலை மாவும் கலந்து சத்துணவு மாவு செய்தார்கள். மாடர்ன் பிரெட்டில் லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தார்கள்.

இந்த நேரத்தில்தான் நம்ம ஆள் வருகிறார். குன்னூர் ஆராய்ச்சிக் கூடம் 1958-இல் ஹைதராபாத் தார்நாகாவுக்கு இடம் மாறியிருந்தது. 1960களில் அதன் இயக்குநர் டாக்டர் சி. கோபாலன், 1918-இல் சேலத்தில் பிறந்தவர். 1969-இல் அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

கோபாலன் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரே மாதிரி ஏழைச் சாப்பாடு சாப்பிடும் குழந்தைகளில் ஒன்று வீங்குகிறது, இன்னொன்று எலும்பும் தோலுமாகிறது. இரண்டு குழந்தைகளின் சாப்பாட்டிலும் புரத வித்தியாசம் எங்கே? தேடிப் பார்த்தார்கள், இல்லை. 1973-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் அழுத்தமானது. சத்துக்குறைவான சின்னக் குழந்தைகளுக்குக் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் சேர்த்த ஒரு இனிப்புப் பண்டத்தைத் தினமும் கொடுத்தார்கள். கலோரி சுமார் 300, புரதம் வெறும் 3 கிராம். 14 மாதங்களில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாக வளர்ந்தார்கள்! வீட்டுச் சாப்பாட்டில் இருந்த புரதம் அதுவரை விறகாக எரிந்துகொண்டிருந்தது. விறகு வந்ததும் அது தன் வேலையைச் செய்தது. மராட்டியரான புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மேயும் கணக்குப் போட்டு இதே முடிவுக்கு வந்தார். 1974-இல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் புரத மோகத்தை 'மாபெரும் சொதப்பல்' என்றே எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். பசித்த குழந்தைக்குத் தேவைப்பட்டது வயிறார ஒரு வேளைச் சோறு. உலகம் அதற்கு விலை உயர்ந்த பவுடரைத் தேடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல ஒரு சேலத்துக்காரர் ஹைதராபாத் வரவேண்டியிருந்தது.

அப்படியானால் நாம் சோற்றையே அடுக்கலாமா? கூடாது. நம் குழந்தைகளுக்கு விறகு குறைவில்லை, கூடுதலாகவே இருக்கிறது. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு; சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்பது கணக்கு. 300 கிராம் அரிசி, 100 கிராம் பருப்பு, அரை லிட்டர் பால் - இதிலேயே 60 கிராம் புரதம் வந்துவிடும். 60 கிலோ பெரியவருக்கு வேண்டியது சுமார் 50 கிராம்தான். பிரச்சினை என்னவென்றால், நம் வீட்டு சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது! முட்டையோ மீனோ சாப்பிடுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்.

அதே தார்நாகா நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும், உடம்பை ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது. கோபாலன் 2019-இல், நூறு வயதில் காலமானார். அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. டப்பா விளம்பரத்தில் வரும் நடிகர் பெயர் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை கெட்டியாக ஒரு பருப்பு சாதம் பிசைந்து, நெய் விட்டு, இந்தக் கதையையும் சேர்த்து ஊட்டுங்கள்.