மூணாவது கம்பி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் ஒரு வாடகை வீடு. அதில் ஓர் ஆசாரி. பேர் வேண்டாம், காரணம் கடைசியில் உங்களுக்கே புரியும். மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து மரம் இழைக்கிற மெஷின் ஒன்றை சல்லிசாக வாங்கி வந்துவிட்டார். கனமான வார்ப்பு இரும்பு, ரெண்டு குதிரை சக்தி மோட்டார். திண்ணையில் தார்பாய் போர்த்தி ரெண்டு வாரமாகப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

''ஏன் ஓட்டல?''

''மூணு பேஸ் கேக்குதுண்ணே. எங்க வீட்ல ஒண்ணுதான் வருது. பட்டறைக்காரர் சல்லிசா குடுக்கும்போதே யோசிச்சிருக்கணும்.''

மும்முனை இணைப்பு வாங்கலாமே என்றேன். சிரித்தார். டெபாசிட், புது வயரிங், தொழில் டாரிஃப். எல்லாவற்றுக்கும் மேலே வீட்டுக்காரரின் சம்மதக் கையெழுத்து. ''அவரு ஆணி அடிக்கவே சம்மதிக்க மாட்டாரு!''

வீட்டுக்கு ஒண்ணு, மெஷினுக்கு மூணு. இந்தப் பாகுபாடு எங்கேயிருந்து வந்தது?

குடை ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் ஒரே இடத்தில் நின்றுகொண்டு அதை முன்னும் பின்னும் ஆட்டுகிறான். நடுங்கும், சுற்றாது. அதையே சுற்றி மூணு பேர் நின்று, ஒருத்தன் விட்ட இடத்தில் அடுத்தவன் பிடித்துத் தள்ளினால் ஜோராகச் சுற்றும். முதலாவது சிங்கிள் பேஸ், ரெண்டாவது மூணு பேஸ். இப்படிச் சுற்றும் காந்தப்புலத்தை 1885-ல் டூரின் நகரத்தில் கலிலியோ ஃபெராரிஸ் செய்து பார்த்தார். 1888-ல் அமெரிக்காவில் டெஸ்லா மோட்டாருக்குக் காப்புரிமை வாங்கினார். அதை மூணு பேஸாக உருப்படியாக்கியவர் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. கம்பெனியில் வேலை பார்த்த ரஷ்யர், டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி. 1891-ல் லாஃபன் என்ற ஊரிலிருந்து ஃபிராங்க்பர்ட் கண்காட்சிக்கு, 175 கிலோமீட்டர் தூரம், மூணு கம்பியில் மின்சாரம் போனது. உலகமே வாய் பிளந்தது. (லாஃபனில் அந்தக் கரன்ட் கிளம்பியது ஒரு சிமென்ட் ஆலையின் நீர்மின் நிலையத்திலிருந்து. சிமென்ட்டுக்குப் பேர்போன ராஜபாளையத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!)

விளக்குக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. எந்த ஒரு கம்பியைக் கொடுத்தாலும் எரியும். அதனால் தெருவில் மூணு பேஸ் ஓட, அதிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு பேஸும் நியூட்ரலும் பிரித்துக் கொடுத்தார்கள். வீடு என்றால் வெளிச்சம், தொழில் என்றால் மில். நம் பக்கமும் அதே கணக்குதான். 1932-ல் பைகாரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். மில்லுக்கு மூணு கம்பி போனது சரி. வீட்டுத் திண்ணையிலேயே தொழில் செய்கிறவனை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. ஆண்டாள் கோயிலின் பெரிய தேரைச் செதுக்கியவர்களின் தொழில் அது. உளியும் இழைப்புளியும் கையில் இருந்தவரை, மின்கம்பத்தைப் பார்த்து அவர்கள் ஏங்க வேண்டியிருக்கவில்லை.

சரி, இல்லாத மூணாவது கம்பியை உண்டாக்க முடியுமா?

முடியும். சுற்றிக்கொண்டிருக்கிற ராட்டினத்தை ஒருத்தனே தட்டிக்கொடுத்துச் சுற்றவைக்கலாம் இல்லையா? கிளம்புவதுதான் பிரச்னை. மோட்டாரின் மூணு முனைகளில் ரெண்டை வீட்டு லைனில் கொடுத்து, மூணாவதை ஒரு கண்டன்சர் வழியாக இணைத்தால், அங்கே மட்டும் கரன்ட் சற்றே முன்பின்னாகி மூணாவது ஆள் மாதிரி நடிக்கும். இந்த இணைப்புக்கு ஸ்டெய்ன்மெட்ஸ் பெயரை வைத்திருக்கிறார்கள். நாலடி சொச்ச உயரம், கூன் முதுகு. ஜெர்மனியில் சோஷலிசம் பேசியதால் போலீஸுக்கு டிமிக்கி கொடுத்து, 1889-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த மின்சார மேதை. ராஜபாளையத்து வைண்டிங் கடைக்காரருக்கு அந்தப் பேர் தெரியாது, வேலை தெரியும். ''ஸ்டாரைப் பிரிச்சு டெல்டா போட்டுட்டு, கண்டன்சர் கட்டுங்க'' என்றார்.

ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட் கேட்கிற மோட்டார், டெல்டாவில் 240-க்கு இறங்கி வரும். கண்டன்சர் ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 70 மைக்ரோஃபாரட். ரெண்டு குதிரை சக்திக்கு 100 சொச்சம். உங்கள் சீலிங் ஃபேனில் இருப்பது ரெண்டரை! ஆனால் நாற்பது ஃபேன் கண்டன்சர் போட்டாலும் மோட்டாரின் முழு பலம் வராது, மூணில் ரெண்டு பங்குதான். கிளம்பும்போது அதைவிட நோஞ்சான். ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டன்சருக்குள் கரன்ட் இருக்கும், தொட்டால் தூக்கி அடிக்கும்.

இந்த வித்தை நம் கிராமங்களுக்குப் புதுசு இல்லை. பல வருஷம் விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்று முறை வைத்துக் கொடுத்தார்கள். மற்ற நேரத்தில் ஒரு பேஸைப் பிடுங்கிவிடுவார்கள். பயிர் காய்கிறவன் சும்மா இருப்பானா? கண்டன்சரைக் கட்டி ரெண்டு பேஸிலேயே பம்ப்செட்டை ஓட்டினான். காயில் கருகியது. வைண்டிங் கடைகள் செழித்தன. 2021 ஏப்ரல் 1 முதல் 24 மணி நேரமும் மும்முனை என்று அரசு அறிவித்ததன் அருமை, மோட்டாரைத் தலையில் சுமந்து டவுனுக்கு வந்தவனுக்குத்தான் தெரியும்.

பம்ப்புக்குக் கிளம்பிய நிமிஷத்திலிருந்து தலைச்சுமை, நிறுத்தும்வரை தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். மர மெஷினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெறும் பிளேடு சுற்றி, வேகம் பிடித்த பிறகுதான் பலகையைத் தள்ளுகிறோம். அதனால் கண்டன்சர் தந்திரம் ஆசாரியிடம் ஓரளவு பலிக்கும். சின்னச் சின்னதாக இழைக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய சக்கரம் வைத்த பேண்ட்ஸா என்றால் கிளம்பவே முரண்டு பிடிக்கும்.

முதல் நாள் ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் உறுமியது. வீட்டு டியூப்லைட் மங்கி, எதிர்வீட்டு டி.வி. அணைந்து, எதிர்வீட்டு அம்மாவே வெளியே வந்துவிட்டார்!

இதே தலைவலி ரயிலுக்கும் இருந்தது. தண்டவாளத்துக்கு மேலே மூணு கம்பி கட்ட முடியாது, மோட்டாருக்கோ மூணு பேஸ் வேண்டும். ஹங்கேரியின் கால்மான் காண்டோ, ஒற்றைக் கம்பிக் கரன்ட்டை வாங்கி உள்ளுக்குள்ளேயே பல பேஸாக்கும் சுழல் இயந்திரத்தை என்ஜினில் வைத்தார். 1932-ல் புடாபெஸ்ட் பாதையில் அந்த என்ஜின்கள் ஓடியபோது பார்க்க அவர் இல்லை, முந்தின வருஷமே போய்விட்டார். நம் ரயில்வே 1990-களின் மத்தியில் இறக்குமதி செய்த புதுவகை என்ஜின்களிலும் இதுதான் சங்கதி. மேலே 25,000 வோல்ட் சிங்கிள் பேஸ், கீழே மூணு பேஸ் மோட்டார். ஆனால் நடுவில் சுற்றுவது எதுவும் இல்லை, எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ். கரன்ட்டை முதலில் டி.சி. ஆக்கி, அதை நறுக்கி நறுக்கி மூணு அலையாகத் திரும்பச் செய்கிறது. விருதுநகர்–தென்காசி பாதையிலும் இப்போது மின்கம்பி வந்துவிட்டது.

அதே வித்தை இன்று ஒரு டிபன் பாக்ஸ் அளவில் கிடைக்கிறது. வி.எஃப்.டி. என்கிறார்கள். வீட்டு லைனை உள்ளே கொடுத்தால் 230 வோல்ட்டில் மூணு பேஸ் வெளியே வரும். மோட்டார் டெல்டாவில் இருக்க வேண்டும், ஆசாரியின் மோட்டார் ஏற்கெனவே மாறியாச்சு. மெதுவாக வேகம் ஏற்றுவதால் டியூப்லைட்டும் மங்குவதில்லை. தனி வயர் இழுத்து, எர்த் சரியாகப் போட்டு, மரத்தூள் போகாத டப்பாவுக்குள் மாட்டினோம். காசு? மெஷினை வாங்கிய விலையில் பாதிக்கு மேல்! கட்டில் ஆர்டர் கொடுத்தவரிடம் முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

தேக்குப் பலகையின் முதல் சுருள் வழவழவென்று வந்து விழுந்தபோது, அதைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார்.

''ரெண்டு நாள் வேலைண்ணே. ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டேன்.''

மூணாவது கம்பி கிடைத்துவிட்டது. மீட்டர் மட்டும் இன்னமும் வீட்டு மீட்டர்தான். 2003-ம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி, ஒரு காரியத்துக்கு வாங்கிய கரன்ட்டை வேறு காரியத்துக்கு உபயோகித்தால் அபராதக் கட்டணம் உண்டு. குடிசைத் தொழில் டாரிஃபுக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். விண்ணப்பம் பூர்த்தி செய்து டிரங்குப் பெட்டியில் தயாராக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் யார் போய்க் கேட்பது என்பதில்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் இன்னும் முடிவாகவில்லை.