இடக்கைப் பந்தும் எண்களின் சாட்சியமும்

கிழக்கிலங்கைக் கரையோரத்திலே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய ஊர்களில் துடுப்பாட்டம் ஒரு விளையாட்டாக இருப்பதோடு மாலைநேர உரையாடலின் பெரும்பகுதியாகவும் விளங்குகின்றது. சந்தாங்கேணி மைதானத்திலே நடைபெற்ற ஆட்டமாயினும், வானொலியிலோ தொலைக்காட்சியிலோ அறிந்த சர்வதேசப் போட்டியாயினும், அதுபற்றிய விவாதத்திலே “இன்னார் இடக்கைப் பந்துக்கு நிற்கமாட்டார்” என்னும் தீர்ப்பு எளிதாக வழங்கப்பட்டு விடுகின்றது. ஓர் இளைஞன் அணியில் இடம்பெறுவதும் இடமிழப்பதும் இத்தகைய தீர்ப்புகளிலே தங்கியிருக்கக் கூடுமாதலின், அவை எத்தகைய சான்றுகளின்மீது எழுப்பப்படுகின்றன என்பது ஆராயத்தக்கதாகும்.

வினாவின் தோற்றம்

இவ்வினா முதன்முதலில் முறையாக ஆராயப்பட்டது துடுப்பாட்டத்திலன்று. அதன் உறவு விளையாட்டாகிய அமெரிக்கப் பேஸ்போலிலேயே ஆகும். எனினும் அங்கும் துடுப்பாட்டத்தின் செல்வாக்கு இருந்தமை குறிப்பிடத்தக்கது. பேஸ்போல் ஆட்டங்களை எண்களாற் பதிவு செய்யும் முறையைப் பரப்பிய ஹென்றி சாட்விக் 1824ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தவர். நியூயோர்க்கிலே துடுப்பாட்டச் செய்தியாளராகப் பணியாற்றியவர். துடுப்பாட்டப் பதிவேட்டின் சாயலிலேயே அவர் பேஸ்போல் பதிவை வளர்த்தெடுத்தார்.

பேஸ்போலில் அடிப்பவர் தம் கைப்பக்கத்தைச் சேர்ந்த எறிவாளரிடம் தடுமாறுவார் என்பது அனுபவத்தால் அறியப்பட்டிருந்தது. வலக்கையர் வலக்கை எறிவுக்கும் இடக்கையர் இடக்கை எறிவுக்கும் இடர்ப்படுவர். 1914ஆம் ஆண்டு பொஸ்டன் அணியை வழிநடத்திய ஜோர்ஜ் ஸ்ரோலிங்ஸ், எதிரணி எறிவாளரின் கைக்கேற்பத் தம் வீரரை மாற்றிமாற்றிக் களமிறக்கி வாகை சூடினார். 1949 முதல் 1953 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வாகை சூடிய நியூயோர்க் யாங்கீஸ் அணியின் கேசி ஸ்ரெங்கலும் இம்முறையைக் கையாண்டார். இவர்களது நம்பிக்கைக்குக் கணக்கின் துணையை அளித்தவர் கனடா நாட்டவரான ஜோர்ஜ் லிண்ட்சே. 1959இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பல வீரர்களின் பெறுபேறுகளை ஒன்றுதிரட்டி, எதிர்க்கை எறிவுக்கு அடிப்பவர் கூடிய பயன் பெறுகின்றார் என்பதை எண்களால் நிறுவிற்று. அனுபவ மொழியொன்று அளக்கக்கூடிய உண்மையாக மாறிய கட்டம் இதுவெனலாம்.

துடுப்பாட்டத்தில் நிலைமை சற்று வேறானது. விக்கெட்டுக்கு மேலாக வந்து வீசும் இடக்கை வேகப்பந்து வீச்சாளரின் பந்து, வலக்கைத் துடுப்பாட்டக்காரரைக் குறுக்காகக் கடந்து வெளியே செல்லும் கோணத்தில் வருகின்றது. அக்கோணத்தை எதிர்பார்த்து ஆடுபவரிடம், அதே பந்து காற்றில் வளைந்து உள்ளே திரும்புமாயின் காலோ விக்கெட்டோ இலக்காகின்றது. ஆகவே கோணமும் வளைவும் சேர்ந்தே இடரை விளைக்கின்றன.

ஹன்னான் சர்க்கார்

இவ்விடருக்கு எடுத்துக்காட்டாக அமையத்தக்கவர் பங்களாதேஷின் தொடக்கத் துடுப்பாட்டக்காரர் ஹன்னான் சர்க்கார். டெஸ்ட் போட்டியொன்றின் முதலாவது பந்திலேயே ஆட்டமிழக்கும் அவப்பேறு இவருக்கு மும்முறை நேர்ந்தது. 2002இல் டாக்காவிலும், 2004இல் சென்லூசியாவிலும் ஜமேக்காவிலும் நிகழ்ந்த இம்மூன்றிலும் பந்துவீசியவர் மேற்கிந்தியத் தீவுகளின் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பெட்ரோ கொலின்ஸ் ஆவார். இவற்றுக்கிடையே 2003 பெப்ரவரி 14ஆம் திகதி, தென்னாபிரிக்காவின் பீற்றர்மரிட்ஸ்பேர்க்கில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிலே இலங்கையின் சமிந்த வாஸ் ஆட்டத்தின் முதல் மூன்று பந்துகளிலும் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தியபோது, முதலாவதாக வீழ்ந்தவரும் ஹன்னானே. வாஸும் இடக்கையர்.

வழக்கு முடிந்துவிட்டதெனவே தோன்றும். எனினும் மறுபக்கச் சாட்சியொன்று உளது. இந்தியாவின் சுனில் கவாஸ்கரும் டெஸ்ட் போட்டியின் முதற்பந்தில் மும்முறை ஆட்டமிழந்தவர்: 1974இல் பேர்மிங்ஹாமில் ஜெஃப் ஆர்னல்டிடமும், 1983இல் கல்கத்தாவில் மல்கம் மார்ஷலிடமும், 1987இல் ஜெய்ப்பூரில் இம்ரான் கானிடமும் வீழ்ந்தார். மூவரும் வலக்கையர். அதனைக் கொண்டு, 125 டெஸ்ட் போட்டிகளில் 10,122 ஓட்டங்களும் 34 சதங்களும் குவித்தவரை ‘வலக்கைப் பந்துக்கு நிற்காதவர்’ என எவரும் கூறத் துணிந்ததில்லை. கவாஸ்கர் விடயத்தில் தற்செயல் என ஒதுக்கப்படுவது ஹன்னான் விடயத்திற் குறைபாடு எனக் கொள்ளப்படுவது ஏன்?

இவ்விடத்தே மூன்று செய்திகள் நோக்கற்பாலன. முதலாவது, ஹன்னானின் மும்முறைத் தோல்வியும் ஒரே பந்துவீச்சாளரிடம் நேர்ந்தது. அது கொலின்ஸ் என்னும் தனியொருவருக்கு எதிரான சான்றாகலாம். இடக்கையர் அனைவருக்கும் பொதுவான சான்றாகாது. இரண்டாவது, இந்நான்கு பந்துகளும் புதுப்பந்துகள். இடக்கையின் கோணத்தையும் புதுப்பந்தின் வளைவையும் இவை பிரித்துக் காட்டுவனவல்ல. மூன்றாவது, 17 டெஸ்ட் போட்டிகளில் 662 ஓட்டங்களைப் பெற்ற ஹன்னானின் சராசரி 20 அளவிலேயே இருந்தது. எல்லா வகைப் பந்துகளுக்கும் இடர்ப்பட்ட ஒருவர் இடக்கைப் பந்துக்குத் தனியாக மேலும் இடர்ப்பட்டாரா என்பதே உண்மையான வினா.

வகுக்கும் எண்

அவ்வினாவுக்கு விடை காண, எத்தனை முறை ஆட்டமிழந்தார் என்பது மட்டும் போதாது. எத்தனை பந்துகளை எதிர்கொண்டார் என்பதும் வேண்டும். கற்பனைக் கணக்கொன்றைக் கொள்வோம். ஒருவர் 1,500 பந்துகளை எதிர்கொண்டு 30 முறை ஆட்டமிழந்தார். அவற்றுள் 12 முறை இடக்கையரிடம் என்க. இடக்கையர் வீசியவை 600 பந்துகளாயின், இரு வகையிலும் 50 பந்துக்கு ஒருமுறையே அவர் வீழ்ந்துள்ளார், குறைபாடு ஏதுமில்லை. இடக்கையர் வீசியவை 300 மட்டுமேயாயின், இடக்கைக்கு 25 பந்துக்கு ஒருமுறையும் வலக்கைக்கு ஏறத்தாழ 67 பந்துக்கு ஒருமுறையும் வீழ்ந்தவராவார். பன்னிரண்டு என்னும் எண் மாறவில்லை. வகுக்கும் எண்ணே தீர்ப்பை மாற்றிற்று. இங்கிலாந்தின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி டெஸ்ட் போட்டிகளில் டொன் பிராட்மனை எட்டு முறை வீழ்த்தினார். வேறெவரும் அவரை அத்தனை முறை வீழ்த்தியதில்லை. ஆயினும் பிராட்மனின் சராசரி 99.94 என்பதையும் சேர்த்தே அவ்வெட்டினைப் பொருள்கொள்ள வேண்டும்.

சிறுதொகை காட்டும் மயக்கத்துக்கு இலங்கையிலேயே சான்றுண்டு. 1990, 1992, 1994 ஆகிய ஆண்டுகளில் ஆடிய முதல் மூன்று டெஸ்ட் போட்டிகளின் ஆறு இன்னிங்ஸ்களிலும் மார்வன் அத்தபத்து பெற்ற மொத்த ஓட்டம் ஒன்றேயாகும். அவ்வாறு இன்னிங்ஸ்களே தீர்ப்பாக நின்றிருப்பின், பின்னர் அவர் குவித்த ஆறு இரட்டைச் சதங்களை இலங்கை கண்டிராது.

கரையோரத்தின் பதிவேடு

சர்வதேச வீரருக்கு ஒவ்வொரு பந்தும் இன்று பதிவாகின்றது. ஊர் மைதானத்து வீரனுக்கோ பார்த்தோரின் நினைவே பதிவேடு. நினைவு, முதற்பந்தில் விழுந்த விக்கெட்டைப் பேணும். தடுத்தாடிய நாற்பது பந்துகளை மறந்துவிடும். வழமையான ஓட்டப் பதிவேடும் பந்துவீச்சாளரின் பெயரையே எழுதுகின்றது, கையை எழுதுவதில்லை. அவரை அறிந்தோர் மறைந்தபின் அவர் எக்கையர் என்பதும் மறைந்துபோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோள் இக்கரையின் உயிர்களையும் வீடுகளையும் கொண்டு சென்றபோது, அவ்வீடுகளில் இருந்த ஏடுகளையும் கொண்டு சென்றது. எழுதாதவை மட்டுமன்றி எழுதியவையும் அழியுமென்பதை இக்கரை அறியும்.

கல்முனைக்கு அயலூராகிய காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழின் சுரங்களைக் கணிதத்தின் துணையால் மீட்க முயன்று, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். நுண்ணிய இசையையே எண்ணால் ஆராய்ந்த மண்ணுக்கு மைதானத்து ஆட்டத்தை எண்ணிவைப்பது அரிதன்று. பந்துவீச்சாளரின் பெயருக்குப் பக்கத்தில் அவரது கையைக் குறிக்கும் ஓரெழுத்தும், எதிர்கொண்ட பந்துகளின் தொகையும் எழுதப்படுமாயின், “இடக்கைப் பந்துக்கு நிற்கமாட்டார்” எனப்பட்ட இளைஞன் அதனை ஏற்கவோ மறுக்கவோ அந்த ஏட்டையே சாட்சியாக நிறுத்தலாம்.