டால்டா டின்னும் ஐந்து சதவீத நல்லெண்ணெயும்

போன பொங்கலுக்குக் கம்பம் போயிருந்தபோது, பரணைச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க அம்மா. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னாடி ஒரு மஞ்சள் டின் கிடைத்தது. அதிலிருந்த பச்சைப் பனைமரம் பாதி துருவில் அழிந்திருந்தது. உள்ளே அவரை விதை. எங்க வீட்டில் டால்டா எப்போ தீரும் என்று ஒரு காலத்தில் காத்திருப்போம். அரிசி அளக்க, துளசி வைக்க, விதை போட்டு வைக்க என்று டின்னுக்கு அடுத்த வேலை தயாராக இருக்கும்.

"இதைத் தின்னுதானே அப்பாவுக்கு அடைப்பு வந்துச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்பா சின்னதாக ஒரு பரோட்டாக் கடை வைத்திருந்தவர். 58 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஆறு வருஷம்தான் இருந்தார். அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாங்க: "அப்போ நானே உங்கப்பனுக்கு வெஷம் வச்சேங்கிறியா?"

அதற்கு நான் தேடிய பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் டால்டா என்றால் என்ன என்று பார்ப்போம். கடலை எண்ணெய் ஏன் திரவமாக இருக்கிறது? அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் நீளமான சங்கிலிகள். பலவற்றில் நடுவே ஒரு வளைவு இருக்கும். வளைந்த குச்சிகளை நெருக்கமாக அடுக்க முடியாது இல்லையா, அதுபோல இவையும் கெட்டியாக உறையாது. சூடான எண்ணெயில் நிக்கல் தூளைப் போட்டு, அழுத்தத்தோடு ஹைட்ரஜனைச் செலுத்தினால் வளைவுகள் நிமிரும், எண்ணெய் நெய் மாதிரி உறையும். பிரெஞ்சு விஞ்ஞானி பால் சபாத்தியே உலோகத் தூளை வைத்து ஹைட்ரஜன் ஏற்றும் வழியைக் கண்டார் (1912-இல் நோபல் பரிசு). அதை எண்ணெய்க்குப் பொருத்தி 1902-இல் காப்புரிமை கேட்டவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன். 1911-இல் அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து 'கிரிஸ்கோ' வந்தது.

வேலையைப் பாதியில் நிறுத்தினால்தான் சமையலுக்கு ஏற்ற பதம் வரும். அப்படி நிறுத்தும்போது சில சங்கிலிகள் ஹைட்ரஜனை ஏற்காமலே நிமிர்ந்துவிடும். அவைதான் டிரான்ஸ் கொழுப்பு. அணுக்கள் அதே, எண்ணிக்கையும் அதே, அமைப்பு மட்டும் வேறு. எங்க தொழிலில் சொன்னால், ஒரு வரி கோடுகூட மாறவில்லை, வரிசை மாறியதில் புரோகிராமே வேறு மாதிரி ஓடுகிறது.

இந்தியாவுக்கு இந்தச் சரக்கு 1920-களில் ஹாலந்திலிருந்து வந்து இறங்கியது. பிறகு லீவர் கம்பெனி பம்பாயில் ஆலை போட்டது. 1937-இல் டால்டா என்ற பெயர் சந்தைக்கு வந்தது. இறக்குமதி செய்த 'டாடா' என்ற கம்பெனியின் பெயருக்கு நடுவில் லீவரின் 'எல்' எழுத்தைச் செருகியது என்று சொல்வார்கள் (இது ஜாம்ஷெட்பூர் டாடா இல்லை). டின்னில் பனைமரம் இருந்தாலும், பல காலம் உள்ளே இருந்தது பெரும்பாலும் கடலை எண்ணெய்தான். ஆண்டிபட்டிப் பக்கம் மானாவாரியில் விளைகிற அதே கடலை.

இந்தச் சுற்றைத்தான் ஜே.சி. குமரப்பா எதிர்த்தார். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, காந்தியோடு சேர்ந்து 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். கடைசிக் காலத்தில் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். தேனியிலிருந்து உசிலம்பட்டி, பேரையூர் வழியாகப் போகிற தூரம்தான். 1960 ஜனவரி 30-இல், காந்தி இறந்த அதே தேதியில், மறைந்தார்.

கணக்குப் படித்தவரின் கணக்கு எளிமையானது. ஊர்ச் செக்கில் கடலை ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, சாணி வயலுக்கு, கூலி செக்கு ஓட்டுபவருக்கு. கடலை ஆலைக்குப் போனால் புண்ணாக்கும் கூலியும் சேர்ந்தே ஊரை விட்டுப் போகும். திரும்பி வருவது விலை போட்ட ஒரு டின். மாட்டுக்குப் புண்ணாக்கு இல்லையென்றால் நெய்யும் குறையும், டால்டாவுக்கு இன்னும் இடம் கிடைக்கும்.

காந்தி 1946-இல் 'ஹரிஜன்' இதழில் வனஸ்பதிக்கு எதிராக எழுதினார். 1950-இல் தாகூர் தாஸ் பார்கவா என்ற உறுப்பினர் வனஸ்பதி உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்யும் மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. உடம்புக்குக் கெடுதல் இருப்பதாக அன்றைய ஆய்வுகளால் உறுதியாகக் காட்ட முடியவில்லை. ஏழைக்குக் கட்டுப்படியாகிற கொழுப்பு இது ஒன்றுதான் என்ற வாதமும் பலமாக இருந்தது.

ஆனால் ஒரு குற்றச்சாட்டை யாராலும் மறுக்க முடியவில்லை. நெய்யில் டால்டாவைக் கலந்து நெய் என்றே விற்றார்கள். பார்த்தால் தெரியாது, தொட்டாலும் தெரியாது. வனஸ்பதிக்கு நிறம் ஏற்றிவிடலாம் என்று பேசிப் பார்த்தார்கள், அது நடைமுறைக்கு வரவில்லை. நடைமுறைக்கு வந்த வழி நம்ம ஊர் வழி: ஒவ்வொரு டின் வனஸ்பதியிலும் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள்.

காரணம் ருசி இல்லை. எள்ளில் மட்டும் உள்ள சில பொருள்கள் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடும் ஃபர்ஃபுராலோடும் சேர்ந்தால் சிவப்பாகும். இதற்குப் போடாயின் சோதனை என்று பெயர். நெய்யை இப்படிக் குலுக்கி அடியில் சிவப்பு தெரிந்தால், டால்டா கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபர்ஃபுராலுக்குப் பதில் சர்க்கரை போட்டாலும் நடக்கும். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் நானே செய்து காட்டியிருக்கிறேன். கடையில் வாங்கிப் போன நெய் ரோஜா நிறமாக மாறியதும், வாத்தியார் "கடை பேரைச் சொல்லாதடா" என்றார். இன்னைக்கும் சொல்லவில்லை. ஆலைச் சரக்குக்குள்ளேயே செக்கு எண்ணெயை உட்கார வைத்து அதையே சாட்சி சொல்ல வைத்த அந்த விதி, நான் படித்ததிலேயே அழகான விதிகளில் ஒன்று.

நெஞ்சுக்கு என்ன ஆகும் என்ற தெளிவு வர 1990 ஆனது. டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது என்று மென்சிங்க், காட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்களும் ஹாலந்துக்காரர்கள்தான். 2003-இல் டென்மார்க் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பின் உச்ச அளவு 10 சதவீதத்திலிருந்து 5 ஆகி, 2021-இல் 3 ஆகி, 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம். அப்பா அதற்கு முன்னாலேயே போய்விட்டார்.

இப்போ அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அப்பா பீடி பிடிப்பார், சர்க்கரையும் உண்டு. டால்டா மட்டும்தான் காரணம் என்று நான் சொன்னது அறிவியலே இல்லை. ஆய்வாளர்களுக்கே தெளிவு வராத காலத்திலிருந்து எங்க அடுப்படியில் டால்டா இருந்தது. அதையெல்லாம் அம்மா எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்? நெய் வாங்க வக்கில்லாத வீட்டில் தீபாவளிக்கு மைசூர்பாகு செய்துபோட்டது அந்த டின்னை வைத்துத்தான். குமரப்பாவும் அம்மாவைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார். அவர் கேட்டது, அந்த வீட்டு மாட்டுக்குப் போகவேண்டிய புண்ணாக்கு எங்கே போனது என்று.

இப்போ நம்ம ஊர்களிலும் மரச்செக்கு போர்டுகள் திரும்ப வந்திருக்கின்றன. சந்தோஷம்தான். ஆனால் 'மரச்செக்கு' என்று எழுதிய பாட்டிலிலும் பாமாயில் கலக்கலாம். வனஸ்பதி போன இடத்தில் பேக்கரிக்கு வேறு முறைகளில் கெட்டியாக்கிய கொழுப்புகளும் வந்தாச்சு. 'இயற்கை' என்ற சொல்லும் ஒரு லேபிள்தான். அதனால் நான் கேட்பது இரண்டே கேள்வி: இது எதிலிருந்து வந்தது? வேறு எதுவாகவாவது நடிக்கிறதா? ஆட்டுகிற செக்கை நேரில் பார்த்து, எள்ளோடு கருப்பட்டி போடுவதையும் பார்த்து வாங்க முடிந்தால் வாங்குகிறேன். முடியாதபோது பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கிறேன்.

போன வாரம் இதையெல்லாம் அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, அந்த டின்னைத் தூக்கிப் போட்டுறாத. அவரை விதை இருக்கு" என்றாங்க.