கசியாத காயங்கள்: சிறுநீர்நாளக் காயத்தின் வரலாற்றை எவ்வாறு வாசிப்பது?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நாளத்தை மருத்துவர்கள் ‘யூரேட்டர்’ என்பர். சிறுநீர் கழித்தலைக் குறிக்கும் கிரேக்க வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களில் அதே சொல், சிறுநீர் உடலைவிட்டு வெளியேறும் புறவழியையும் குறித்தது. தமிழிலும் இம்மயக்கம் உண்டு. ‘சிறுநீர்க் குழாய்’ என்று நாளிதழில் படிக்கையில் எந்தக் குழாய் என்பது பல வேளைகளில் விளங்குவதில்லை. பாடநூல் வழக்கைப் பின்பற்றி இங்கே ‘சிறுநீர்நாளம்’ என்கிறேன். இவ்வுறுப்புக்கு நேர்ந்த காயங்களுள் எவை மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றன, எவை இடம்பெறாமல் போயின என்பதே இப்பதிவின் வினா.

மிகப் பழைய விரிவான விவரிப்புகளுள் ஒன்று கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கேலனுடையது. சிறுநீர் ஆவியாகிச் சிறுநீர்ப்பையில் மீண்டும் நீராகிறது என்று ஒரு சாரார் வாதிட்டு வந்தனர். அதை மறுக்க, உயிருள்ள விலங்கின் இரு நாளங்களையும் கேலன் கட்டினார். பை வெறுமையாக இருந்தது; கட்டுக்கு மேலே நாளங்கள் புடைத்தன. கட்டை அவிழ்த்ததும் பை நிரம்பியது. பின்னர் நாளங்களை வெட்டிவிட்டுக் காத்திருந்தார். வயிற்றறை முழுவதும் சிறுநீர் தேங்கியது. கட்டுண்ட நாளம், வெட்டுண்ட நாளம் என இன்றைய அறுவை அரங்கில் தவறுதலாக நேரும் இரு முதன்மைக் காயங்களையும் அவர் அறிந்தே செய்து காட்டிவிட்டார்.

மனித உடலில் இக்காயம் ஏட்டில் ஏறியது பெரிதும் 19ஆம் நூற்றாண்டில்தான். 1868இல் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் போலந்து ஒரு பெண்ணின் மரணத்தைப் பதிவு செய்தார். ரயில் பெட்டிக்கும் நடைமேடைக்கும் இடையே நசுங்கிய அவர் ஆறாம் நாள் இறந்தார். நாளம் அறுந்திருந்தது பிணக்கூறாய்விலேயே தெரியவந்தது. அடுத்த ஆண்டு, 1869 ஆகஸ்ட் 2 அன்று, ஹைடல்பெர்க் நகரில் குஸ்டாஃப் சீமோன் 46 வயதுப் பெண் ஒருவரின் சிறுநீரகத்தை அகற்றினார். முன்பு நடந்த ஓர் இடுப்பறை அறுவையில் அவரது நாளம் காயமுற்று, சிறுநீர் ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. புரையை மூடும் முயற்சிகள் பலிக்கவில்லை. ஒரு சிறுநீரகத்துடன் உயிர் வாழ முடியும் என்பதை நாய்களிடம் முன்கூட்டியே சோதித்த பின்னரே சீமோன் கத்தியைத் தொட்டார். அப்பெண் பிழைத்தார். திட்டமிட்டுச் செய்யப்பட்டு வெற்றிபெற்ற முதல் சிறுநீரக அகற்றம் என்று போற்றப்படும் இந்நிகழ்வு, உண்மையில் நாளக் காயம் ஒன்றுக்கான சிகிச்சை. நாளத்தைச் செப்பனிட வழியில்லாததால் சிறுநீரகம் பலியானது.

முதுகெலும்பும் இடுப்புத் தசைகளும் காப்பதால் விபத்தில் நாளம் காயமுறுவது அரிது. பெரும்பாலான காயங்கள் அறுவையின்போதே நேர்கின்றன. காரணம் உடலமைப்பில் இருக்கிறது. 25 முதல் 30 செ.மீ. நீளமும் சில மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட இந்நாளம், கருப்பைக் கழுத்தின் அருகே, கருப்பைத் தமனியின் அடியில் செல்கிறது. குருதி நிறுத்தத் தமனியில் இடும் முடிச்சில் நாளமும் அகப்பட்டுக்கொள்ளலாம். 1898இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான விரிவான அறுவையைத் தொடங்கியபோது, நாளத்தைக் கண்ணால் கண்டு பிரித்தெடுப்பது அதன் இன்றியமையாத படியாயிற்று. ஆயினும் வெட்டுப்படாத நாளங்கள்கூடச் சில நாள் கழித்துப் புரையோடின. அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்ஸன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்தார். நாளத்தின் உறையில் படர்ந்துள்ள நுண்குழல்கள் சிதைந்தால், குருதி கிடைக்காமல் நாளச் சுவர் மடிகிறது என்பது புலனாயிற்று.

இங்குதான் வரலாற்று மாணவர் நிதானிக்க வேண்டும். மேற்கண்ட காயங்கள் ஏதோ ஒரு வகையில் தம்மை அறிவித்துக்கொண்டவை: சிறுநீர் கசிந்தது, அல்லது மரணம் நேர்ந்து உடல் திறக்கப்பட்டது. ஒரு பக்க நாளம் மட்டும் முடிச்சில் சிக்கி, கசிவும் தொற்றும் இல்லாதிருந்தால்? அந்தச் சிறுநீரகம் அரவமின்றிச் சுருங்கும். மற்றது அதன் பணியையும் ஏற்கும். நோயாளி குணமடைந்தவராக வீடு திரும்புவார். மருத்துவரும் அதை வெற்றிகளுள் ஒன்றாக எண்ணுவார். ஆகவே 19ஆம் நூற்றாண்டு அறுவைப் பட்டியல்களில் உள்ள நாளக் காயங்களின் எண்ணிக்கை, கண்ணுக்குப் புலப்பட்டவற்றின் எண்ணிக்கை மட்டுமே. பதிவின்மையைக் காயமின்மையாகக் கொள்ளலாகாது.

இம்மௌனத்தைக் கலைத்தவை காணும் கருவிகள். 1879இல் மாக்ஸ் நிட்சேயின் சிறுநீர்ப்பை அகநோக்கி வந்தது. 1897இல் பாரிஸில் அல்பர்ரான் அதனுடன் இணைத்த சிறு நெம்புகோல், மெல்லிய குழலை நாளத்துக்குள் செலுத்த உதவியது. 1906இல் நாளத்தின் வழியே மாறுபடுபொருள் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையும், 1929இல் சிரை வழியே அதைச் செலுத்தும் முறையும் அறிமுகமாயின. அதன்பின், கசியாத காயமும் படத்தில் நிழலாய்த் தெரிந்தது.

செப்பனிடும் கலையும் உடன் வளர்ந்தது. 1893இல் சிகாகோவின் வெல்லர் வான் ஹூக் அறுந்த நாளத்தை இணைக்கும் முறையை விவரித்தார். 1894இல் இத்தாலியின் போவாரி, சிறுநீர்ப்பைச் சுவரிலிருந்து ஒரு மடலை வெட்டிக் குழாயாக்கி, இழந்த கீழ்ப்பகுதியை ஈடுசெய்யலாம் என்று நாய்களிடம் காட்டினார். 1963இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹார்டி, நாளத்தின் மேற்பகுதி சேதமுற்ற நோயாளியின் சிறுநீரகத்தையே இடம்பெயர்த்து அவருடைய இடுப்பறையில் பொருத்திய செய்தி வெளியானது. நாளத்துக்காகச் சிறுநீரகத்தைக் களைந்த 1869இலிருந்து, அதைக் காக்க உறுப்பையே நகர்த்திய 1963 வரை 94 ஆண்டுகள். 1978இல் இரு முனையும் வளைந்த ‘டபுள் ஜே’ ஸ்டென்ட் வந்தபின், சிறு காயங்கள் பல பெரிய அறுவையின்றியே ஆறலாயின.

இத்தனைக்குப் பிறகும் காயங்கள் பல அறுவை முடிந்த பின்னரே அறியப்படுகின்றன. ஒரு சிறுநீரகம் நலமாக இருந்தால் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறக்குறைய இயல்பாகவே இருந்துவிடும். ஆகையால், கருப்பை அகற்றிய பெண் விலாவலி என்றோ ஓயாத ஈரம் என்றோ சொல்லும் சொல் இன்றும் முதற்சான்று. அச்சொல்லை ‘அறுவைக்குப் பின் எல்லாருக்கும் வரும் வலிதான்’ என்று தள்ளும்போது, 19ஆம் நூற்றாண்டுப் பட்டியலில் விடுபட்ட அதே வரி மீண்டும் விடுபடுகிறது. ஆவணங்களைப் படிப்பவர்களும் நோயாளியைக் கேட்பவர்களும் ஒன்றாகக் கற்க வேண்டிய பாடம் இது.