நெல்லை வானொலியை மூடப் போகிறார்களா? டிஜிட்டல் ரேடியோவும் நிதிக் குறைப்பு பயமும்: முழு விளக்கம்

திருநெல்வேலி பேட்டையில் பீடி சுற்றும் வீடுகளில் டிவியை விட ரேடியோவுக்குத்தான் வேலை அதிகம். மடியில் சொளவு, பக்கத்தில் ரேடியோ. டிவி என்றால் கண்ணைக் கொடுக்கணும், கை நின்றுபோகும், கூலி குறையும். ரேடியோவுக்கு காது போதும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் இருந்து 1963 முதல் ஒலிபரப்பாகி வருகிறது திருநெல்வேலி வானொலி நிலையம். "அதை மூடப் போறாங்களாமே?" என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும், பிறகு அடங்கும். உண்மையில் என்னதான் நடக்கிறது?

மூடுகிறார்களா, இல்லையா?

2021 ஜனவரியில் இந்தப் பேச்சு பெரிதானபோது பிரசார் பாரதி வெளிப்படையாக மறுப்பு தெரிவித்தது. எந்த மாநிலத்திலும் வானொலி நிலையங்களை மூடவில்லை, தரம் குறைக்கவும் இல்லை, உள்ளூர் நிகழ்ச்சிகள் தொடரும் என்றது. அதே அறிவிப்பில், டிஜிட்டல் ரேடியோவைக் கொண்டுவரும் வேலை நடப்பதாகவும் சொன்னது.

அப்படியானால் மக்கள் ஏன் பயப்படுகிறார்கள்? சும்மா இல்லை. அதற்கு 2 வருடம் முன்பு, 2019 தொடக்கத்தில், ஆகாசவாணியின் தேசிய சேனலும் 5 மண்டலப் பயிற்சி மையங்களும் மூடப்படும் செய்தி வெளியானது. சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது செலவுக் குறைப்பு. ராத்திரி முழுக்க நாடு பூராவும் கேட்ட ஒரு சேவையே போகும்போது, மாவட்ட நிலையத்துக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்பது நியாயம்தானே.

காசு எங்கிருந்து வருகிறது?

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். அந்த லைசென்ஸ் புத்தகம் இன்னும் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும். 1980-களின் நடுவில் அந்தக் கட்டணம் ரத்தானது. ஜனங்களுக்கு நிம்மதி. ஆனால் கேட்பவருக்கும் நிலையத்துக்கும் இருந்த நேரடிப் பணத் தொடர்பும் அதோடு அறுந்தது. பிரிட்டனில் பிபிசிக்கு இன்றும் மக்கள் கட்டும் உரிமக் கட்டணம்தான் முதுகெலும்பு.

பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறினாலும், அமைப்பு செயல்பாட்டுக்கு வந்தது 1997 நவம்பர் 23-ல்தான். பெயர் தன்னாட்சி. பணம் பெரும்பாலும் மத்திய பட்ஜெட். 2012-ல் ஒரு ஏற்பாடு வந்தது: ஊழியர் சம்பளத்தை அரசு பார்த்துக்கொள்ளும், ஒலிபரப்பை நடத்தும் அன்றாடச் செலவை விளம்பரம் உள்ளிட்ட சொந்த வருமானத்தில் பிரசார் பாரதி சமாளிக்க வேண்டும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நெருக்கடி வந்தால் சம்பளத்தில் கை வைக்க முடியாது. மிச்சம் இருப்பது எது? நிகழ்ச்சித் தயாரிப்பு, வெளியூர் பதிவு, தற்காலிக அறிவிப்பாளர்களுக்கான தொகை. அதாவது நாம் காதால் கேட்கிற பகுதி. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் பெருமளவு நிரப்பப்படாத நிலையில், பல நிலையங்களில் மைக் முன் உட்காருபவர் தற்காலிக அறிவிப்பாளர்தான். அவர்களுக்கு மாதத்துக்கு 6 பணிகள் என்ற உச்சவரம்பு வேறு.

ஆக, ஒரு நிலையத்தைப் பூட்டுப் போட்டுத்தான் மூட வேண்டும் என்றில்லை. உள்ளூர் நேரத்தைக் குறைத்து, சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வருவதை அஞ்சல் செய்தாலே போதும். கட்டடம் இருக்கும், போர்டு இருக்கும்.

சரி, டிஜிட்டல் ரேடியோ என்றால் என்ன?

இந்தியா தேர்ந்தெடுத்திருப்பது டிஆர்எம் எனப்படும் டிஜிட்டல் ரேடியோ மோண்டியல் தொழில்நுட்பம். மத்திய அலையில் சென்னை உட்பட நாடு முழுக்க சுமார் 35 டிரான்ஸ்மிட்டர்கள் இதற்காக நிறுவப்பட்டன. ஒரே டிரான்ஸ்மிட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட சேனல்கள், கரகரப்பு இல்லாத ஒலி, திரையில் எழுத்துச் செய்தி, குறைந்த மின்செலவு என்று நல்ல விஷயங்கள் நிறைய. பேரிடர் நேரத்தில் எச்சரிக்கையைத் தானாகவே ஒலிக்கச் செய்யும் வசதியும் உண்டு.

கோளாறு எங்கே என்றால், கேட்பதற்கு பெட்டி இல்லை. டிஆர்எம் ரிசீவர் பேட்டை கடைத்தெருவில் சுலபமாகக் கிடைக்கிற சாமான் அல்ல. கிடைத்தாலும் விலை ஆயிரக்கணக்கில். சில நிறுவனங்களின் புது கார்களில் இது பொருத்தப்பட்டே வருகிறது. கார் வாங்குகிறவருக்கு இலவசமாகக் கிடைப்பது, பீடி சுற்றுபவருக்கு எட்டாமல் நிற்கிறது. பெட்டி இல்லாததால் கேட்பவர் இல்லை, கேட்பவர் இல்லாததால் "இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்ற கேள்வி. டிஜிட்டல் சேவைகள் மீது நிதிக் கத்தி விழுவது இந்த இடத்தில்தான்.

எஃப்எம் இருக்கே, போதாதா?

போதாது. மத்திய அலை தரையை ஒட்டிப் போகும், கடலையும் தாண்டும். நம்ம ஊர்க்காரர்கள் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தது அப்படித்தான். எஃப்எம் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். மலை மறித்தால் நின்றுவிடும். பாபநாசம், மாஞ்சோலை பக்கம் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகாசவாணி மொத்தமாக நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 92 சதவீதத்தை எட்டுவதாகக் கணக்கு. எஃப்எம் மட்டும் என்றால் 2023 தொடக்கத்தில் 59 சதவீதம்தான். அதை 66 ஆக்கத்தான் அந்த ஜனவரியில், தூர்தர்ஷனையும் சேர்த்து, 2,539 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன் காலம் 2025-26 நிதியாண்டு வரை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: தனியார் எஃப்எம்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. வேண்டுமானால் ஆகாசவாணி செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம். பாட்டுக்கு பத்து சேனல் இருந்தாலும், ரேடியோவில் செய்தி என்றால் அரசு வானொலிதான்.

மொபைல் இருக்கும்போது ரேடியோ எதுக்கு?

நியாயமான கேள்வி. நியூஸ் ஆன் ஏர் செயலியில் 200-க்கும் மேற்பட்ட ஆகாசவாணி சேவைகளைக் கேட்கலாம். ஆனால் 2023 டிசம்பர் 17, 18-ஐ மறந்துவிட முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றது. கரண்ட் இல்லை, பல இடங்களில் செல்போன் சிக்னலும் இல்லை. அந்த மாதிரி ராத்திரியில் ரெண்டு பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு மாற்று இன்னும் வரவில்லை.

விவசாயத்திலும் இதன் பலன் பார்த்த ஊர் நம்முடையது. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி 27 நெல் ரகம் வானொலி வழியே பரவி, 'ரேடியோ நெல்' என்றே பெயர் வாங்கியது. பின்னாளில் 'இன்று ஒரு தகவல்' மூலம் வீட்டுக்கு வீடு தெரிந்த தென்கச்சி கோ.சுவாமிநாதனும் நெல்லை நிலையத்தில் பணியாற்றியவர்தான். உள்ளூர் நிலையம் என்பது ஆள் வளர்க்கும் இடமும்கூட.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

2010-ல் பிபிசி, செலவைக் குறைக்க '6 மியூசிக்' என்ற டிஜிட்டல் சேனலை மூட முன்மொழிந்தது. கேட்பவர்கள் கொந்தளித்தார்கள். சில மாதங்களிலேயே பிபிசி டிரஸ்ட் அதை நிராகரித்தது. மூட நினைத்த சேனல் பிறகு அந்நாட்டில் அதிகம் கேட்கப்படும் டிஜிட்டல் சேனல்களில் ஒன்றானது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை: 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ல் நின்றது.

நார்வே 2017-ல் தேசிய சேனல்களின் எஃப்எம்மை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவில் அதையே செய்தது. கேட்பவர் எண்ணிக்கை சரிந்தது. அமெரிக்காவில் 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலரை நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. அதிகம் அடிபடுவது கிராமப்புறச் சின்ன நிலையங்கள்.

அடுத்து என்ன?

2025 அக்டோபரில் டிராய், தனியார் ரேடியோவும் டிஜிட்டலுக்கு வரலாம் என்று பரிந்துரைத்தது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, கூடவே 9 'ஏ' பிரிவு நகரங்கள். திருநெல்வேலி அந்தப் பட்டியலில் இல்லை. பழைய முறையும் டிஜிட்டலும் சேர்ந்தே ஓடும் என்பதால், கையில் இருக்கும் ரேடியோவை இப்போதைக்குத் தூக்கிப் போட வேண்டியதில்லை. புது கார் வைத்திருப்பவர்கள் ரேடியோ மெனுவில் டிஆர்எம் என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளலாம். நெல்லை வானொலியின் மத்திய அலை எண் 1197 கிலோஹெர்ட்ஸ்.