கடற்கரை ரோஜா கடந்த தூரம்

ரோசா ருகோசா என்னும் காட்டு ரோஜாவின் தாயகம் ஜப்பான், கொரியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் தூரக்கிழக்குப் பகுதி ஆகியவற்றின் மணற்கரைகள். ஜப்பானியர் இதை ஹமானசு என்பர். தண்டு முழுவதும் ஊசிமுட்கள் நெருங்கியிருக்கும். இலைகள் தடித்துச் சுருக்கம் விழுந்தவை. உப்புக்காற்றுக்கு எளிதில் கருகுவதில்லை. மணமுள்ள ஐந்திதழ்ப் பூ உதிர்ந்தபின் 2 செ.மீ.க்கும் மேல் பருத்த செங்கனி உருவாகும். அதில் வைட்டமின் சி மிகுதி. வேரிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்ப, ஒரு செடி சில ஆண்டுகளில் புதராகிவிடும்.

சீனர்கள் இதை நெடுங்காலமாகத் தோட்டங்களில் வளர்த்து, இதழ்களைத் தேநீருக்கும் இனிப்புக்கும் பயன்படுத்தினர். ஜப்பானில் தங்கிச் செடிகளைச் சேகரித்த ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பர்க், 1784இல் வெளியான தம் நூலில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஐரோப்பாவுக்கு வந்த பின்னும் இதை நெடுநாள் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கலப்பினம் உருவாக்குவோர் இதன் அருமையை உணர்ந்தனர். பிரான்சில் 1892இல் 'பிளாங்க் டபுள் து குபேர்' என்னும் வெள்ளை அடுக்கு ரோஜாவும், 1901இல் 'ரோஸ்ரே து லாய்' என்னும் கருஞ்சிவப்பு ரோஜாவும் வெளிவந்தன.

கடுங்குளிர் நாடான கனடாவில் இதற்குத் தனி மதிப்பு உண்டானது. ஒட்டாவாவின் மத்தியப் பரிசோதனைப் பண்ணையை நிறுவிய வில்லியம் சாண்டர்ஸ், ருகோசாவை மஞ்சள் ரோஜாவுடன் சேர்த்து 'ஆக்னஸ்' இரகத்தை உருவாக்கினார். அது 1922இல் விற்பனைக்கு வந்தது. பின்னர் அதே நகரில் ஃபெலிசிட்டாஸ் ஸ்வெய்டா உருவாக்கிய 'எக்ஸ்ப்ளோரர்' வரிசை ரோஜாக்களில் பலவற்றுக்கு ருகோசாவே மூலம். அவ்வரிசையின் முதல் இரகமான 'மார்ட்டின் ஃப்ரோபிஷர்' 1968இல் வெளியானது.

இந்த இரகங்களுக்கு வெயிலும் நீர் வடியும் மண்ணும் இருந்தால் போதும். உரமும் மருந்தும் அதிகம் கேட்பதில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மட்டும் இலை மஞ்சளாகும். பழைய தண்டுகளை அவ்வப்போது அடியோடு வெட்டினால் புதுத்தளிர் வரும்.

ஆனால், எதையும் தாங்கும் இந்த இயல்பே டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கரைகளுக்குக் கேடானது. மணலைக் கட்டவும் வேலியாகவும் நட்ட செடி, மணற்குன்றுகளில் படர்ந்து, தாழ வளரும் நாட்டுச்செடிகளை நிழலால் நசுக்குகிறது. கனிகள் கடல்நீரில் மிதந்தும் பறவைகள் வழியாகவும் புதிய இடங்களைச் சேர்கின்றன. அங்கெல்லாம் வேரோடு தோண்டி அகற்றும் பணி நடக்கிறது. தாயகத்தில் நிலை வேறு: ஜப்பானின் ஹொக்கைடோ 1978இல் ஹமானசுவைத் தன் மாநில மலராக ஏற்றது.