தாத்தா குளித்த ஆறு

"தாத்தா குளிச்ச ஆறு எங்கப்பா இருக்கு?" ஒவ்வொரு லீவுக்கு ஊருக்குப் போகும்போதும் என் பையன் கேட்கிற கேள்வி இது. இந்த முறை கூட்டிக்கொண்டு போய்விட்டேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா 1950-களில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய், சாலைக் கம்போளத்தில் ஒரு மளிகை மண்டியில் கணக்கெழுதியவர். விடியற்காலையில் கரமனை ஆற்றில் குளியல், அப்புறம்தான் கடை. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் கால்விரலை மீன் கொத்துவது கண்ணுக்குத் தெரியும் என்பார். நான் பாதிதான் நம்புவேன்.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பத்மநாபசுவாமி கோயிலுக்கு முன்னால் இருக்கும் பத்மதீர்த்தக் குளத்தில் தொடங்கினோம். ஆற்றைப் பார்க்கப் போகிறவனுக்குக் குளத்தில் என்ன வேலை என்கிறீர்களா? அந்தக் குளமே ஆற்றை நம்பி இருந்ததுதான். மார்த்தாண்ட வர்மா காலத்தில், மருதங்குழியில் கிள்ளியாற்றைத் தடுத்து, கொச்சாறு என்ற கால்வாய் வெட்டி இங்கே தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1750-இல் நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிவைத்த ராஜா அவர். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறைஜபத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அதில் வைதிகர்கள் இந்தக் குளத்தில் நின்று ஜபிப்பார்கள்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் சாலை பஜார். திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. இன்றும் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தாத்தாவின் மண்டி இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. தங்கமணிக்கு அங்கே பாத்திரக் கடையைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது, அதனால் அரை மணி நேரம் போச்சு.

சாலையை ஒட்டி உள்ளே போனால் வலியசாலை மகாதேவர் கோயில், சுற்றிலும் தமிழ் அக்ரஹாரம். ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று பலர் சொல்வார்கள். விழிஞ்ஞம் பக்கம் என்போரும் உண்டு. அங்கே அவன் அறுத்த 'கலம்' கப்பலா, சாப்பாட்டுத் தட்டா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அது வேதம் படிக்கிற சாலையாக இருந்தது என்பதற்கு நல்ல சான்று நம் கன்னியாகுமரிப் பக்கமே இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் பார்த்திவபுரத்தில் 95 மாணவர்களுக்குச் சாலை அமைத்தபோது, காந்தளூர் வழக்கத்தையே அளவுகோலாக வைத்துச் செப்பேடு எழுதியிருக்கிறான். படிப்புக்கு இந்த ஊர் அன்றைக்கே பேர் பெற்றது என்று பையனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன், "ஆறு எப்போ வரும்?" என்றான்.

வந்தது, கிள்ளிப்பாலத்தில். ராஜா கோயில் குளத்துக்குக் கொண்டுபோன அதே கிள்ளியாறு, கறுப்பாக, பிளாஸ்டிக் சுமந்துகொண்டு. பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் எதுவும் பேசாமல் கரமனைக்கு ஆட்டோ பிடித்தேன்.

கரமனையில் ஆறு அகலம், பாலத்திலிருந்து பார்க்க அழகுதான். இதன் கரையில்தான் நீலகண்ட சிவன் (1839-1900) பஜனை செய்து பாடினார். சிறுவயதில் பிழைப்புத் தேடித் தாயோடு திருவனந்தபுரம் வந்த பாபநாசம் சிவன் மனசில் அந்தப் பாட்டுகள் ஒட்டிக்கொண்டன. ஆனால் படித்துறையில் இறங்க எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் கீழே, பள்ளத்துக்கடவில், அந்தக் கிள்ளியாறு இதில்தான் கலக்கிறது.

அப்போதுதான் மேலே போவோம் என்று தோன்றியது. சுமார் 16 கிலோமீட்டரில் அருவிக்கரை. நகரத்துக்குக் குடிநீர் இங்கிருந்துதான் போகிறது. 1933-இல் வைஸ்ராய் வெலிங்டன் பிரபு வந்து திறந்துவைத்த திட்டம், பெயரும் அவருடையதே. 1983-இல் இன்னும் மேலே பேப்பாறையில் ஓர் அணை வந்தது. வீட்டுக்குள் குழாய் வந்ததும் ஆறு முன்வாசலிலிருந்து கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது என்பது என் கணிப்பு. குடிக்க வேண்டாம், குளிக்க வேண்டாம் என்றால் கரையில் என்ன கொட்டினாலும் கேட்க ஆளில்லை. குழாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. குடம் சுமந்த பாட்டிகளைக் கேட்டால் அடிக்க வருவார்கள்.

ஆறு பிறப்பது அகத்தியர் மலைத்தொடரில். அதே மலையில் கிழக்கே இறங்கினால் நம் தாமிரபரணி, மேற்கே இறங்கினால் கரமனை. பையனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அப்போ ரெண்டும் சித்தப்பா பெரியப்பா பசங்களா?" என்றான்.

அருவிக்கரையில் பகவதி கோயில் படிக்கட்டு நேராக ஆற்றில் இறங்குகிறது. பக்தர்கள் தீனி போட்டு வளர்க்கும் மீன்கள், கூட்டம் கூட்டமாக. யாரும் பிடிப்பதில்லை. ஆழமான இடம், குழந்தையை விட்டுவிடாதீர்கள் என்று ஒரு அம்மா மலையாளத்தில் எச்சரித்தார். கடைசிப் படியில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீருக்குள் அவன் கால்விரல் பத்தும் தெரிந்தது.

"அப்பா, கொத்துது!"

படம் எடுத்து நாகர்கோவிலில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார். "இவ்வளவு சுத்தமாவா இருக்கு? கரமனையா இது?"

"கரமனை ஆறுதாம்ப்பா" என்றேன். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை.